பழைய சி.என்.சி. லேத்துக்குப் புது சாஃப்ட்வேர்: டிரைவைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பீன்யா, ராஜாஜிநகர், காமாட்சிபாளையா, பொம்மசந்திரா என்று நம் ஊரின் தொழிற்பேட்டைகளில் 25, 30 வயதான சி.என்.சி. லேத்துகள் (கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் இயந்திரங்கள்) இன்னமும் நிறைய ஓடுகின்றன. 1953-ல் எச்.எம்.டி. தொடங்கிய நாளிலிருந்து மெஷின் டூல் தொழிலில் ஊறிய ஊர் இது. அந்தப் பழைய லேத்துகளின் வார்ப்பிரும்பு பெட்டும் (அடிப்பாகம்) கடையும் பொருளைச் சுற்றும் ஸ்பிண்டிலும் இன்னும் பல வருடம் உழைக்கும். செத்துப்போவது மெஷினை ஓட்டும் கணினியான கண்ட்ரோல்தான். அது நின்ற அன்றைக்கு எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி எழுகிறது: "இதுக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்?"

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதால்தான் பணம் வீணாகிறது என்று சொல்லவே இந்தக் கடிதம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, ஆபரேட்டராக இருந்து, சேமிப்பைப் போட்டுப் பழைய மெஷின் ஒன்றை வாங்கித் தொழில் தொடங்கிய தமிழர்கள் உங்கள் வாசகர்களில் பலர். அவர்களுக்குப் புரியும் மொழியில் இந்த விவரம் எங்கும் கிடைப்பதில்லை. ஆகவே கடிதம் நீண்டாலும் பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

முதலில், செத்தது கண்ட்ரோல்தானா என்று பாருங்கள். ஜப்பானிய நிறுவனமான ஃபானுக்கின் 0 வகைக் கண்ட்ரோலில் பாராமீட்டர் (மெஷினின் அமைப்பு எண்கள்), ஆஃப்செட் (டூலின் அளவுத் திருத்தம்), புரோகிராம் எல்லாம் பேட்டரியின் தயவில் நிற்கும் மெமரியில் இருக்கின்றன. பேட்டரிப் பெட்டியில் மூன்று பெரிய டி சைஸ் ஆல்கலைன் செல்கள் இருக்கும், மொத்தம் 4.5 வோல்ட். நீண்ட விடுமுறையில் மெஷினை அணைத்துவைத்து, செல் தீர்ந்துபோனால் பாராமீட்டர் எல்லாம் அழிந்துவிடும். திரும்ப வந்து போட்டால் வரிசையாக அலாரம் வரும். உடனே "போர்டு போச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பேனல் கதவின் உட்பக்கத்து உறையில் மெஷினோடு வந்த பாராமீட்டர் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதைப் பார்த்துக் கையாலேயே தட்டி ஏற்றிவிடலாம். ஒருநாள் வேலை, அவ்வளவுதான். 900-ல் தொடங்கும் எண்களைக் கவனித்து ஏற்ற வேண்டும். மெஷினில் எந்த எந்த வசதி உண்டு என்பதைத் தீர்மானிப்பவை அவை. செல் மாற்றும்போது கண்ட்ரோல் ஆனில் இருக்க வேண்டும். அணைத்துவிட்டு மாற்றினால் எதைக் காப்பாற்ற மாற்றுகிறோமோ அதுவே போய்விடும்.

திரை மட்டும் இருண்டிருந்தால், பழைய 9 அங்குல சி.ஆர்.டி.க்கு மாற்றாக எல்.சி.டி. திரை கிடைக்கிறது. மெஷின் எப்போதாவது தானாக ரீசெட் ஆகிறது என்றால் பவர் சப்ளையின் 5 வோல்ட்டை மீட்டரில் பாருங்கள். 4.75-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். அவற்றை மாற்றத் தெரிந்தவர்கள் எஸ்.பி. ரோடு பக்கம் இருக்கிறார்கள். "புரோகிராம் மெமரி போதவில்லை" என்பதற்காகக் கண்ட்ரோலையே மாற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. ஆர்.எஸ்.232 கேபிள் ஒன்றும் ஒரு பழைய கணினியும் போதும். ஃபானுக்கில் வழக்கமான அமைப்பு 4800 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட். கணினிப் பக்கத்தில் 8 பிட், நோ பாரிட்டி என்று விட்டுவைத்தால் எழுத்துக்கள் குழம்பி அலாரம் வரும். கேபிள் கெட்டது என்று நினைத்துக் கேபிளையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் கண்ட்ரோலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பேனலைத் திறந்து, மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துச் சுற்றவைக்கும் டிரைவைப் பாருங்கள். கண்ட்ரோலிலிருந்து டிரைவுக்கு என்ன சிக்னல் போகிறது? எல்லாமே இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. எந்த சாஃப்ட்வேர் பொருந்தும் என்பதை அந்த ஒயர்தான் முடிவு செய்கிறது. திரையின் அழகோ, விற்பவர் காட்டும் வீடியோவோ அல்ல.

பழைய லேத்தில் மூன்று நிலைமைகள் வரலாம். ஒன்று, ±10 வோல்ட் அனலாக். கண்ட்ரோல் ஒரு வோல்ட்டேஜ் கொடுக்கும், டிரைவ் அதற்கேற்ற வேகத்தில் மோட்டாரைச் சுற்றும், எங்கே நிற்க வேண்டும் என்பதை, மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் என்கோடரைப் பார்த்துக் கண்ட்ரோல் தீர்மானிக்கும். வேகம் அளக்கும் டாக்கோவுடன் வரும் டி.சி. சர்வோ மோட்டார்களும் 80-கள், 90-களின் பல ஏ.சி. சர்வோக்களும் இந்த இனம். இரண்டு, பல்ஸ் மற்றும் டைரக்‌ஷன். ஒரு பல்ஸுக்கு ஒரு அடி என்று நகரும் டிரைவ் இது. மூன்று, கண்ட்ரோல் தயாரித்த நிறுவனம் தன் டிரைவோடு மட்டும் பேசும் வகை. ஃபானுக்கின் டிஜிட்டல் ஏ.சி. சர்வோக்கள் இதில் சேரும். கரன்ட் லூப் கணக்கைக்கூட கண்ட்ரோலே போட்டு, டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பி.டபிள்யூ.எம். கட்டளையை நேராக அனுப்புகிறது. அந்த டிரைவுக்கு ±10 வோல்ட்டும் புரியாது, பல்ஸும் புரியாது. மோட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு டிரைவ் போடலாமா என்றால், அந்த மோட்டாரின் பல்ஸ் கோடர் ரோட்டர் இருக்கும் இடத்தைத் தனக்கே உரிய முறையில் சொல்கிறது. கடையில் வாங்கும் சாதாரண டிரைவ் அதைப் படிக்காது. எனவே மூன்றாவது வகை என்றால் டிரைவ், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். "பழைய மோட்டாரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியில் சொல்பவரிடம், டிரைவின் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ±10 வோல்ட் டிரைவ் நல்ல நிலையில் இருக்கும் லேத்துக்குப் பல்ஸ் வகைக் கண்ட்ரோலை வாங்கிவிடுவார்கள். சீன நிறுவனமான ஜி.எஸ்.கே.யின் 980டி.டி. வரிசை பல்ஸ் அனுப்பும் கண்ட்ரோல். சீமென்ஸிலும் இதே குழப்பம் உண்டு: 802சி ±10 வோல்ட் கொடுக்கும், பிறகு வந்த 808டி, வி60 டிரைவோடு பல்ஸில் பேசும், 808டி அட்வான்ஸ்ட் என்பதோ வி70 டிரைவோடு பஸ் கேபிளில் பேசும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் டிரைவ் முழுக்க வேறு. செகண்ட்ஹேண்டில் 808டி பேனல் மட்டும் மலிவாக வருகிறது என்று வாங்கிவைத்தால், பொருந்தும் டிரைவைத் தேடி அலைய வேண்டியதுதான்.

±10 வோல்ட் டிரைவும் மோட்டாரும் ஆரோக்கியமாக இருந்தால், கணினியையே கண்ட்ரோலாக்கும் லினக்ஸ்சி.என்.சி. மென்பொருள் நல்ல தேர்வு. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், இ.எம்.சி. என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தின் வாரிசு அது. இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. இலவசம் என்பதற்காக அதைச் சொல்லவில்லை. பொசிஷன் லூப்பைக் கணினியிலேயே மூடி, என்கோடரைப் பார்த்து அனலாக் வோல்ட்டேஜ் கொடுக்கும் திறமை அதற்கு உண்டு. அதற்கு மெசா 7ஐ77 போன்ற கார்டு வேண்டும். 6 அனலாக் வெளியீடு, 6 என்கோடர் உள்ளீடு, 24 வோல்ட்டில் 32 இன்புட், 16 அவுட்புட் அதில் கிடைக்கும். இரண்டு அச்சும் ஸ்பிண்டிலும் போக என்கோடர் இடம் மிச்சம். இன்புட்டைத்தான் முன்கூட்டியே எண்ண வேண்டும். லிமிட், ரெஃபரன்ஸ் டாக் (அச்சின் தொடக்க இடத்தைக் காட்டும் ஸ்விட்ச்), ஜாபைப் (கடையும் பொருளை) பிடிக்கும் சக்கின் பெடல், பிரஷர் ஸ்விட்ச், மசகு எண்ணெய் லெவல், கதவு, டரெட் (டூல்கள் மாட்டிய சுழல் தலை) என்கோடரின் பிட்டுகள், பேனல் பட்டன்கள் என்று கூட்டினால் 32 வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த இன்புட் 24 வோல்ட் வந்தால் ஆன் ஆகும் ஜாதி, எனவே பி.என்.பி. சென்சார் நேராகச் சேரும், என்.பி.என். சென்சாருக்கு நடுவில் ரிலே வேண்டும். அவுட்புட்டை நம்பி ஹைட்ராலிக் சோலினாய்டை நேராக மாட்டாதீர்கள். பழைய லேத்துகளில் பல வால்வுகள் 110 வோல்ட் ஏ.சி. காயில் கொண்டவை, அவற்றுக்கு ரிலே கார்டு கட்டாயம்.

ஏன் கார்டு வேண்டும், கணினியின் பேரலல் போர்ட்டே போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிண்டிலின் நீளவாக்கில் நகரும் இசட் அச்சின் பால் ஸ்க்ரூ பிட்ச் (ஒரு சுற்றில் நகரும் தூரம்) 10 மி.மீ., மோட்டார் நேராக மாட்டியிருக்கிறது, என்கோடர் 2500 பல்ஸ். நான்கு மடங்காக எண்ணினால் ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை, அதாவது ஓர் எண்ணிக்கை 1 மைக்ரான். ரேப்பிட் (வெட்டாமல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 10 மீட்டர் என்றால் மோட்டார் 1000 ஆர்.பி.எம். சுற்றும். விநாடிக்கு சுமார் 1,66,000 எண்ணிக்கை வரும். கணினி மென்பொருளாகவே பேரலல் போர்ட்டை எட்டிப் பார்த்து எண்ணுவது விநாடிக்குச் சில பத்தாயிரம்தான். எண்ணிக்கை தவறிப்போகும், பீஸின் அளவும் கூடவே போகும். பல்ஸ் அனுப்பும் பக்கத்திலும் இதே கதை. மாக்3 மென்பொருளைப் பேரலல் போர்ட்டில் 45 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், ஒரு பல்ஸ் 1 மைக்ரான் என்ற கணக்கில் விநாடிக்கு 45 மி.மீ., நிமிடத்துக்கு 2.7 மீட்டர். 10 மீட்டர் ஓடிய மெஷின் 2.7-க்கு இறங்கினால் சைக்கிள் டைம் என்ன ஆகும் என்பதை ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேகத்துக்காகப் பல்ஸின் மதிப்பை 5 மைக்ரானாக உயர்த்தினால், குறுக்குவாக்கில் நகரும் எக்ஸ் அச்சில் விட்டத்தில் 10 மைக்ரான் படிக்கட்டு. பேரிங் பொருந்தும் இடத்தை அதில் கடைய முடியாது.

மாக்3 பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. விலை குறைவு, கற்றுக்கொள்வதும் எளிது, சிறிய மில்லிங் மெஷினுக்குப் பலர் போட்டு ஓட்டுகிறார்கள். அதன் பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. பழைய 32 பிட் கணினியைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது தனி மோஷன் போர்டு வாங்க வேண்டும். மரை வெட்டுவதுதான் லேத்தில் அதன் பெரிய பலவீனம். ஸ்பிண்டிலிலிருந்து ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு இண்டெக்ஸ் பல்ஸ் வாங்கிக்கொண்டு, பாஸ் தொடங்கும் வேகத்தை வைத்து, டூல் நகரும் வேகமான ஃபீடைத் தீர்மானிக்கிறது. டூல் உள்ளே இறங்கியதும் லோடில் ஸ்பிண்டில் 1 சதவீதம் தளர்ந்தால் 30 மி.மீ. நீள மரையில் 0.3 மி.மீ. பிசகும். கோ கேஜ் (மரையின் அளவு சரியா என்று பார்க்கும் கருவி) இரண்டு சுற்று போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். ஆபரேட்டர் டூல் ஆஃப்செட்டைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பார், மரை லூஸ் ஆகுமே தவிர பிட்ச் சரியாகாது. மரை வேலை உள்ள லேத்துக்கு மாக்3 பேரலல் போர்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனி மோஷன் போர்டோடு மாக்3, மாக்4 விற்பவரிடம் "ஸ்பிண்டில் என்கோடரின் ஏ, பி, இசட் மூன்றையும் உங்கள் போர்டு படித்து, வெட்டும்போதே இசட் அச்சை அதோடு பூட்டுமா?" என்று கேளுங்கள். எம்30 × 2 மரையை அவர் கண்முன்னே முழு ஆழத்துக்கு வெட்டிக்காட்டச் சொல்லி, கேஜ் போட்டுப் பார்த்த பிறகு பேசுங்கள்.

லினக்ஸ்சி.என்.சி.யில் மரை வெட்டும் கட்டளைகளான ஜி33, ஜி76 இரண்டும் ஸ்பிண்டில் என்கோடரோடு ஒவ்வொரு கணமும் கட்டுண்டு நகரும். பழைய லேத்தில் ஏற்கெனவே பெல்ட்டில் மாட்டியிருக்கும் 1024 பல்ஸ் பொசிஷன் கோடரையே பயன்படுத்தலாம். அந்தப் பல் பெல்ட் ஒரு பல் தாண்டினாலும் மரை இரட்டைத் தொடக்கம் போல ஆகிவிடும், புதிது போட்டுவிடுங்கள். ஸ்பிண்டிலும் கோடரும் 1:1 சுற்றுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாஸிலும் இண்டெக்ஸ் வேறு வேறு இடத்தில் விழும். 3 மி.மீ. பிட்சை 600 ஆர்.பி.எம்.மில் வெட்டினால் இசட் நிமிடத்துக்கு 1800 மி.மீ. ஓட வேண்டும், அந்த வேகத்தை எட்டத் தூரம் தேவை. மரை தொடங்கும் இடத்துக்குக் குறைந்தது மூன்று பிட்ச் முன்னாலிருந்து கிளம்புங்கள்.

இப்போது எல்லோரும் கவனிக்கத் தவறும் இடத்துக்கு வருகிறேன். ஆபத்தும் இங்கேதான். பழைய ஃபானுக் புரோகிராம் புதிய கண்ட்ரோலில் ஓடும் என்று நம்பிவிடுவது. ஜி கோடு (மெஷினுக்குக் கட்டளை எழுதும் மொழி) எல்லா மெஷினிலும் ஒன்றுதானே என்ற எண்ணம். எழுத்து ஒன்றுதான், பொருள் வேறு.

ஃபானுக் லேத்தில் ஜி99 என்றால் ஒரு சுற்றுக்கு இத்தனை மி.மீ. ஃபீட், ஜி98 என்றால் நிமிடத்துக்கு. லினக்ஸ்சி.என்.சி.யில் அந்த இரண்டும் டிரில்லிங் சைக்கிள் முடிந்து டூல் எந்த உயரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் குறிப்பவை. ஃபீடுக்கு அங்கே ஜி95, ஜி94. ஜி99 எஃப்0.2 என்று எழுதிய பழைய வரியை அப்படியே ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 0.2 என்பது நிமிடத்துக்கு 0.2 ஆகிவிடும். டூல் ஜாபின் மேல் உரசிக்கொண்டே நிற்கும், இன்சர்ட் (வெட்டும் முனை) கருகும். இதைச் சரிசெய்கிறேன் என்று தொடக்க அமைப்பிலேயே ஜி95-ஐ நிரந்தரமாகப் போட்டுவிட்டால், எங்கோ ஒரு புரோகிராமில் இருக்கும் ஜி98 எஃப்100 சுற்றுக்கு 100 மி.மீ. என்று படிக்கப்படும். டரெட் சக்கில் மோதுவது அப்படித்தான்.

ஃபானுக்கில் யு, டபிள்யூ என்பவை எக்ஸ், இசட்டின் இன்கிரிமென்டல், அதாவது இருக்கும் இடத்திலிருந்து நகர வேண்டிய தூரம். லினக்ஸ்சி.என்.சி.யில் அவை தனித்தனி அச்சுகளின் பெயர். ஜி28 யு0 டபிள்யூ0 அங்கே பிழை காட்டி நிற்கும். நிற்பது நல்லதுதான். டி0101 (ஆங்கில T) ஃபானுக்கில் முதல் டூல், முதல் ஆஃப்செட். லினக்ஸ்சி.என்.சி. அதை 101-ம் நம்பர் டூல் என்று படிக்கும். அங்கே டி1 எம்6, பிறகு ஜி43 என்று எழுத வேண்டும். ஜி43-ஐ மறந்தால் முந்தைய டூலின் ஆஃப்செட்டோடு புது டூல் ஜாபை நோக்கி வரும். தசமப் புள்ளி இன்னொரு பொறி. பழைய ஃபானுக்கில் எக்ஸ்50 என்று புள்ளி இல்லாமல் எழுதினால் அது 0.050 மி.மீ. லினக்ஸ்சி.என்.சி.யில் 50 மி.மீ. சைக்கிளின் உள்ளே மைக்ரானில் எழுதிய எண்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். ஃபானுக் ஜி76 இரண்டு வரியில் பி, க்யூ, ஆர், எஃப் என்று போகும், பிட்ச் எஃப்-இல் இருக்கும். லினக்ஸ்சி.என்.சி.யின் ஜி76 ஒரே வரி, பிட்ச் பி-இல் இருக்கும். ஜி71 ரஃபிங் சைக்கிள் அதன் 2.9 பதிப்பில்தான் வந்தது. அதிலும் ஜாபின் உருவத்தைத் தனி சப்ரொட்டீனாக எழுதி, அதன் எண்ணை க்யூவில் கொடுக்க வேண்டும்.

ஜி50-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. ஜி96 எஸ்150 என்று மாறாத வெட்டு வேகம் போட்டால் 50 மி.மீ. விட்டத்தில் ஸ்பிண்டில் 955 ஆர்.பி.எம். சுற்றும். ஃபேஸிங் செய்து 5 மி.மீ. விட்டத்துக்கு வரும்போது கணக்குப்படி 9,549. ஃபானுக்கில் முன்வரியில் ஜி50 எஸ்2000 போட்டு அதைத் தடுத்திருப்பார்கள். லினக்ஸ்சி.என்.சி.யில் அந்த வரம்பை ஜி96 டி2000 எஸ்150 என்று அதே வரியில் டி (ஆங்கில D, டூலுக்கான T அல்ல) எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜி50 வரி பிழை காட்டுகிறது என்று அதை அழித்துவிட்டு ஓட்டினால் வரம்பும் சேர்ந்து போய்விடும். வேகம் ஏற ஏற ஹைட்ராலிக் சக்கின் ஜா வெளிநோக்கி இழுபட்டுப் பிடி தளரும், ஜாப் பறக்கும். ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யின் உச்ச அலைவரிசையையும் சக்கில் பொறித்திருக்கும் ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாதபடி பூட்டிவிடுங்கள். சாஃப்ட்வேரில் எந்தத் தவறு நடந்தாலும் அது காப்பாற்றும்.

அதனால்தான் மூன்று ஷிஃப்ட் ஓடும் புரொடக்‌ஷன் கடைக்கு, நூற்றுக்கணக்கில் பழைய புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு, ஃபானுக்கே தெரிந்த ஆபரேட்டர்கள் உள்ள இடத்துக்கு, டிரைவ், மோட்டாரோடு ஃபானுக் 0ஐ-டி.எஃப். போடுவதே கடைசியில் லாபம் என்பது என் கருத்து. விலை அதிகம். ஆனாலும் ஜி71, ஜி76, டி0101 எல்லாம் பெரும்பாலும் பழகியபடியே ஓடும். சர்வீஸுக்கு ஆள் இந்த ஊரிலேயே கிடைப்பார். டூல் ரூம், ஒன்று இரண்டு பீஸ் செய்யும் ஜாப் ஷாப், பழைய அனலாக் டிரைவ் நன்றாக உள்ள மெஷின், கணினியில் கைவைக்கப் பயப்படாத ஓர் ஆள், இவை சேர்ந்தால் லினக்ஸ்சி.என்.சி. போதும். நடுவில் நிற்பது பல்ஸ் வகைக் கண்ட்ரோலும் புதிய பல்ஸ் சர்வோ ஜோடியும். புரோகிராம் ஃபானுக் பாணியிலேயே இருக்கும், செலவும் நடுத்தரம். டி.சி. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து, கம்யூடேட்டர் கறுத்துப்போயிருந்தால் அந்தப் பழைய மோட்டாரை நம்பி அனலாக் வழிக்குப் போகாதீர்கள், நேராக இந்த வழிக்கு வந்துவிடலாம்.

எந்த வழி என்றாலும் டரெட்டுக்கு லேடர் (எந்தச் சிக்னலுக்குப் பிறகு எது நடக்க வேண்டும் என்று சொல்லும் நிரல்) புதிதாக எழுத வேண்டும். பழைய லேடர் ஃபானுக் 0-வில் இ.பி.ராமில் எரிக்கப்பட்டிருக்கும், வேறு கண்ட்ரோலில் அது ஓடாது. மோட்டார் சுற்றத் தொடங்குவது, என்கோடர் பிட்டுகளையும் ஸ்ட்ரோபையும் படிப்பது, வேண்டிய ஸ்டேஷன் வந்ததும் சோலினாய்டை இழுப்பது, முள் விழுந்ததைச் சென்சார் சொன்னதும் மோட்டாரை நிறுத்தி எதிர்த்திசையில் சுற்றிப் பூட்டுவது, பூட்டிய சிக்னல் வந்த பிறகே அச்சு நகர அனுமதிப்பது: எலக்ட்ரிக் டரெட்டின் வரிசை பொதுவாக இப்படிப் போகும். ஒவ்வொரு படிக்கும் நேர வரம்பு வைத்து அலாரம் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் சென்சார் ஒன்று அழுக்கானாலும் மோட்டார் பூட்டோடு மல்லுக்கட்டிக் காயில் எரியும். மெஷின் தயாரித்தவரின் டரெட் டைமிங் வரைபடம் இல்லாமல் இதை எழுத உட்காரக் கூடாது. கொட்டேஷனில் "டரெட் லேடர் உட்பட" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ரெட்ரோஃபிட் (பழைய மெஷினுக்குப் புது கண்ட்ரோல் போடும்) வேலை மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன். சாய்ந்த பெட் லேத்தில் எக்ஸ் அச்சு மோட்டாரில் பிரேக் இருக்கும். சர்வோ ஆன் ஆகி மோட்டார் தாங்கிய பிறகே பிரேக் விடுபட வேண்டும், சர்வோ அணையும் முன்பே பிரேக் பிடிக்க வேண்டும். வரிசை மாறினால் டரெட்டோடு ஸ்லைடு கீழே சரியும், கை உள்ளே இருந்தால் கை போகும். எமர்ஜென்சி பட்டன் சாஃப்ட்வேருக்குச் செய்தி சொல்வதோடு நிற்கக் கூடாது. சேஃப்டி ரிலே வழியாக டிரைவின் எனேபிளையும் ஸ்பிண்டிலையும் ஒயரிலேயே வெட்ட வேண்டும், கணினி உறைந்து நின்றாலும் அது வேலை செய்யும். ரெஃபரன்ஸ் சில நாள் சரியாகவும் சில நாள் 10 மி.மீ. தள்ளியும் வந்தால் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். டாக் ஸ்விட்ச் விடுபடும் இடமும் என்கோடரின் இண்டெக்ஸும் ஒட்டி இருக்கின்றன என்று அர்த்தம். ஒருநாள் இந்தச் சுற்றின் இண்டெக்ஸைப் பிடிக்கும், மறுநாள் அடுத்த சுற்றினுடையதை. டாக்கைப் பாதிச் சுற்று அளவுக்கு, அதாவது 10 மி.மீ. பிட்சில் 5 மி.மீ. நகர்த்தி வைத்தால் தீர்ந்தது.

கணினிக்கு லேப்டாப் வேண்டாம். மேசைக் கணினியில் பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை அணைத்து, கணினி தாமதமின்றி வேலை செய்கிறதா என்று பார்க்க லினக்ஸ்சி.என்.சி.யோடு வரும் லேட்டன்சி சோதனையைப் பல மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஈதர்நெட்டில் பேசும் கார்டு என்றால் அதற்குத் தனி நெட்வொர்க் போர்ட். என்கோடரின் 5 வோல்ட்டை மோட்டார் முனையில் அளந்து பாருங்கள். நீளமான மெல்லிய கேபிளில் அது குறைந்து, வாரத்துக்கு ஒருமுறை காரணம் தெரியாத அலாரம் தரும்.

பணம் கட்டும் முன் மெக்கானிக்கலையும் ஒரு மணி நேரம் பாருங்கள். டயல் கேஜை வைத்து, ஒரு திசையில் நகர்த்தி, திரும்ப 0.01 மி.மீ. ஆக எடுத்து, முள் எப்போது அசைகிறது என்று பார்த்தால் பேக்லேஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) தெரிந்துவிடும். சக் அருகே ஒன்று, டெயில்ஸ்டாக் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் எடுக்க வேண்டும். இரண்டும் 0.02 அளவில் ஒத்துப்போனால் காம்பன்சேஷன் போட்டு ஓட்டலாம். சக் அருகே 0.08, மறுமுனையில் 0.02 என்றால் ஸ்க்ரூ ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கண்ட்ரோலும் அதைக் குணப்படுத்தாது. முதல் செலவு பால் ஸ்க்ரூவுக்கு.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். ரெட்ரோஃபிட் விற்பவர்கள் கொட்டேஷனில் டிரைவுக்கு என்ன சிக்னல், மரை வெட்டும் முறை, பழைய புரோகிராமில் எவை மாற்ற வேண்டியவை, இன்புட் அவுட்புட் எண்ணிக்கை, லேடர் யார் பொறுப்பு என்ற ஐந்தையும் எழுத்தில் தர வேண்டும். வாங்குபவரும் அதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. வாரண்டி முடிந்த மெஷின்களின் ஒயரிங் வரைபடத்தையும் லேடர் பிரிண்டையும் உரிமையாளர் கேட்டால் தயாரிப்பாளர்கள் தர வேண்டும். தும்கூர் ரோட்டில் இருக்கும் மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனமான சி.எம்.டி.ஐ. போன்ற அமைப்புகள் கன்னடத்திலும் தமிழிலும் இரண்டு நாள் ரெட்ரோஃபிட் வகுப்பு நடத்தினால், அந்த வரைபடங்களைப் படிக்கத் தெரிந்த கைகள் பீன்யாவிலேயே உருவாகும்.

இப்போதைக்கு, பழைய லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் மதிய இடைவேளையில் பாராமீட்டர் பக்கங்கள், டைமர், கவுண்டர், கீப் ரிலே, ஆஃப்செட், டிரைவின் பெயர்ப்பலகை, மோட்டாரின் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, மெஷின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டுச் சேர்த்துவையுங்கள். பேட்டரி தீர்ந்த அன்றைக்கு அந்தப் படங்கள் தேவைப்படும்.

இப்படிக்கு,
சி.என்.சி. பராமரிப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்,
பீன்யா, பெங்களூரு.